மீன் அறுக்கற கரண்டு கத்தி: வயர் வெச்சதா, பேட்டரி வெச்சதா?

கேள்வி: உடுமலைத்தம்பி, ஏப்ரல் 21

அண்ணா, அமெரிக்காவுல இருக்கற மச்சான் அடுத்த மாசம் ஊருக்கு வர்றாரு. மீன் அறுக்கற கரண்டு கத்தி ஒண்ணு வாங்கியாரச் சொல்லலாம்னு இருக்கேன். வயர் வெச்சதுதான் நிக்காம ஓடும், பேட்டரி வெச்சது வெளையாட்டுச் சாமான்னு அந்த ஊர்க்காரங்க முக்கால்வாசிப் பேரு எழுதியிருக்காங்க. எங்களுக்கு அமராவதி டேம் மீனுதான். ஞாயித்துக்கெழம ஒறம்பரை வந்தா அஞ்சாறு கிலோ ஆவும். வயர் வெச்சதையே சொல்லிரட்டுங்களா?

காயில்கடைக்காரன், ஏப்ரல் 21, ராத்திரி

தம்பி, சொல்லிராதீங்க. ஒரு வாரம் பொறுங்க.

அவங்க எழுதறது அவங்க ஊரு கரண்டுக்குச் சரி. அங்க ப்ளக்குல 120 வோல்ட்டு, 60 ஹெர்ட்ஸ், அதாவது கரண்டு நொடிக்கு அறுபது தடவ ஆடும். நம்மூட்டுல 230, 50. அங்கிருந்து வர்ற வயர் கத்திய அப்படியே நம்ம ப்ளக்குல சொருவுனா ஒரு கிர்ர்ருனு சத்தம், அப்புறம் வார்னிஷ் கருகுன வாசம். சோலி முடிஞ்சுது. கோயமுத்தூர் கணபதியில மோட்டருக்குக் காயில் கட்டற பட்டறை வெச்சிருக்கேன், லீவுக்கு ஆளுக வந்துட்டுப் போற மாசத்துல இப்படிக் கருகுன சாமான் மேசைல வந்து ஒக்காந்துக்கும். "அடாப்டர் போட்டுத்தானுங்களே சொருவுனோம்"பாங்க. அடாப்டர் முள்ளோட வடிவத்த மாத்தும். வோல்ட்ட மாத்தாது.

அதனால அங்க "சொருவு, அறு"ன்னு இருக்கற சாமான், இங்க வந்தா கூடவே வோல்ட்டக் கொறைக்கற டிரான்ஸ்பார்மர் ஒண்ணக் கேக்கும். பேட்டரிக் கத்தியோட சார்ஜரத் திருப்பிப் பாத்தா பெரும்பாலும் 100-240 வோல்ட்டுன்னு அச்சடிச்சிருக்கும். அது எந்த ஊரு ப்ளக்குலயும் ஓடும். வயர் கத்திதான் தொந்தரவு இல்லாததுன்னு அங்க சொல்ற நியாயம் இங்க வந்தவொடனே பேட்டரிப் பக்கம் சாஞ்சுருது. மொத யோசனைக்கு இது போதும். மிச்சம் நாளைக்கு.

ஏப்ரல் 22

அந்தக் கத்தியப் பாக்காதவங்களுக்கு: அதுல பிளேடு ஒண்ணு இல்லீங்க, ரெண்டு. பல்லு வெச்ச ரெண்டு மெல்லிசுப் பிளேடும் முதுகோட முதுகா ஒட்டிக்கிட்டு, ஒண்ணு முன்னாடி போறப்ப இன்னொண்ணு பின்னாடி வரும். முடி வெட்டற மெஷின் மாதிரிதான், ஆனா அதுல ஒரு பக்கம் நின்னுக்கும், இதுல ரெண்டுமே ஆடும். நுனிப்பக்கம் ஒரு குமிழ் ஆணி, ஒரு நீளத்தொளைல மாட்டி ரெண்டையும் சேத்துப் புடிச்சுக்கும். கைப்புடிக்குள்ள மோட்டர், பல்சக்கரம். கை அறுக்கறதில்ல. கை வழி மட்டுந்தான் காட்டும்.

நம்ம கைல ரெண்டு இருக்குது. ஒண்ணு 230 வோல்ட்டு வயர் கத்தி. ரொட்டி, கறி அறுக்க ஐரோப்பாவுல விக்கற சமையக்கட்டுச் சாமான். ரிப்பேருக்குக் குடுத்தவரு திரும்ப வரவே இல்ல, மோட்டருக்குக் கரண்டு குடுக்கற கார்பன் பிரஷ் மாத்தி நானே வெச்சுக்கிட்டேன். இன்னொண்ணு மச்சினன் விட்டுட்டுப் போன பேட்டரிக் கத்தி. ரெண்டுலயும் அறுத்துப் பாத்துட்டுத்தான் எழுதறேன்.

ஒரு வித்தியாசம் முக்கியம். ரொட்டிக் கத்தியோட பிளேடு வெறைப்பா இருக்கும். மீனுக்குன்னு செஞ்ச பிளேடு வளையும். முள்ளு மேல படிஞ்சு போகணும்னா வளையணும். சும்மா "எலக்ட்ரிக் நைஃப்"னு போட்டு மலிவா விக்கறதுல முக்காவாசி மொத ரகம். பஞ்சு மெத்த கடைக்காரங்க ஃபோம் அறுக்க வாங்கறாங்க, அதுக்கு நல்லாவே ஓடுது.

ஏப்ரல் 23

"60 ஹெர்ட்ஸ் மோட்டர் நம்ம 50-ல மெதுவாத்தான ஓடும்?"னு சேலத்துக்காரர் கேட்டிருக்கார். ஃபேன் மோட்டருக்கு அது சரிங்க. கார்பன் பிரஷ் வெச்ச மோட்டர் ஹெர்ட்ஸப் பத்திக் கவலைப்படாது, மிக்சில இருக்கற அதே ஜாதி. அதுக்கு வோல்ட்டு சரியா வந்தாப் போதும். ஹெர்ட்ஸ் பாக்கறது டிரான்ஸ்பார்மர்தான். 60-க்குன்னு மட்டும் சுத்துன டிரான்ஸ்பார்மர அங்கிருந்து தூக்கிட்டு வந்து 50-ல போட்டா உள்ள இருக்கற இரும்புக் கோர் சூடேறும். அதனால டிரான்ஸ்பார்மர் வேணும்னா இங்க சுத்துனத வாங்குங்க. கத்தி 100, 150 வாட் இழுக்குதுன்னா டிரான்ஸ்பார்மர் தாங்கற அளவு 300 வி.ஏ.க்குக் கொறையாம இருக்கட்டும், ஸ்டார்ட் ஆகறப்பவும் முள்ளுல மாட்டறப்பவும் கூட இழுக்கும்.

அத சுமந்துட்டு வூட்டுக்குப் பின்னால பொடக்காலிக்குப் போறத நெனச்சுப் பாருங்க. கத்தி அரைக்கிலோ, அதுக்குத் தொணைக்கு வர்றவரு மூணு கிலோ.

ஏப்ரல் 28, ஞாயிறு

காலைல உக்கடம் மீன் மார்க்கெட்டு போயிட்டு வந்து எழுதறேன். கிழக்குக் கடக்கரைல ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு போகாது. அதனால வஞ்சிரம் வெலையக் கேட்டுட்டு, மூஞ்சியத் திருப்பிக்கிட்டு கட்லா பக்கம் வந்துட்டேன். கூட்டம் பூரா இந்த மாசம் டேம் மீனுக்கும் வளப்பு மீனுக்குந்தான்.

அங்க மீன் வெட்டறவர கொஞ்ச நேரம் நின்னு பாத்தேன். அருவாமனைய காலுல அமுக்கிக்கிட்டு, கட்லாவ வாலுலருந்து செதில் ஒரசி, செவுளப் புடுங்கி, வயித்தக் கீறி, நடுமுள்ளோட சேத்து துண்டு போடறாரு. ரெண்டு கிலோ மீனுக்கு நான் காசு எடுத்து எண்ணறதுக்குள்ள முடிஞ்சுது. இந்த வேலைல கரண்டு கத்திக்கு எடமே இல்லீங்க. நடுமுள்ளக் குறுக்க வெட்டறது அதுக்கு வெச்ச வேல இல்ல, பல்லு மழுங்கிரும்.

தம்பி, இதத்தான் மொதல்லயே கேட்டிருக்கணும். நீங்க கொழம்புத்துண்டு போடறீங்களா, முள்ளில்லாத சதை எடுக்கறீங்களா? கொழம்புன்னா முள்ளுலதான் ருசி, அருவாமனையே போதும். பிள்ளைகளுக்கு முள்ளில்லாம வறுத்துக் குடுக்கணும், விரல் விரலா அறிஞ்சு மாவுல தோச்சுப் போடணும்னாத்தான் இந்தக் கத்திக்கு சோலி.

இன்னொரு கணக்கும் சொல்லிப்போடறேன், கொங்கு நாட்டுல பொறந்துட்டு இதச் சொல்லாம வுட முடியாது. ஒரு கிலோ ஜிலேபி மீனுல தோலெடுத்த சதை 300-லருந்து 350 கிராம்தான் தேறும். மிச்சமெல்லாம் தலை, முள்ளு, தோலு, கொடலு. தலையும் நடுமுள்ளும் கொழம்புக்குப் போச்சுன்னா மனசு ஆறும். இல்லைன்னா அஞ்சு கிலோ வாங்கி மூணு கிலோவுக்கு மேல தூக்கிப் போட்டுட்டு வர்றோம்.

எங்கூட்டுக்காரம்மா எட்டிப் பாத்துட்டுச் சொன்னது: "அருவாமனைக்குச் சார்ஜ் போட வேண்டியதில்லீங்களே."

ஏப்ரல் 29

உடுமலைத்தம்பி பதில் போட்டிருக்காரு, பிள்ளைகளுக்குத்தானாம், பள்ளிக்கூட டிபனுக்கு. அப்பச் சரி, மேல பேசலாம். மீனு என்ன சைஸ்னு சொல்லலை.

மே 5, ஞாயிறு

சைஸ் ஏன் கேட்டேன்னா, டேம் ஜிலேபி பாதிக்கு மேல உள்ளங்கை அகலந்தான். 1952-ல இந்தியாவுக்குக் கொண்டாந்த அந்த மொசாம்பிக் ஜிலேபி நம்ம டேம்ல பெருகிப் பெருகிப் பொடியாவே நின்னுபோச்சு. கால் கிலோ மீனுல சதை எடுத்தா அப்பளம் தடிமனுக்கு வரும், அதுல பாதி பிளேடுலயே ஒட்டிக்கும். எங்கணக்கு, அரைக்கிலோவுக்குக் கீழ இருக்கற மீனு கரண்டு கத்திக்கு இல்ல. முழுசாக் கீறி மொளகாத்தூள் தடவி வறுத்துருங்க. வளப்புப் பண்ணைல வர்ற கிஃப்ட்ங்கற மேம்படுத்துன ரக ஜிலேபி முக்காக் கிலோ, ஒரு கிலோ வரைக்கும் வருது, அதுக்கு நல்லாப் போகும்.

இன்னிக்கு அந்த சைஸ்ல நாலஞ்சு வாங்கி ரெண்டு கத்தியும் வெச்சு அறுத்தேன்.

மொதல்ல மேல் முதுகு முள்ளு குத்தாத மாதிரி துணியால தலையப் புடிச்சுக்கணும். செவுள் மூடிக்குப் பின்னாடி சாய்வா, நடுமுள்ளு தட்டற வரைக்கும் எறக்கணும். இந்த எடத்துல பொத்தான விட்டுரணும். அமுக்கிக்கிட்டே இருந்தா நடுமுள்ளயே அறுத்துட்டு அந்தப்பக்கம் போயிரும். பிளேடப் படுக்க வெச்சு வாலப் பாத்துத் திருப்பி, மறுபடி பொத்தான அமுக்குனா நடுமுள்ளு மேலயே வழுக்கிட்டுப் போகும். விலா முள்ளு வர்றப்ப சத்தம் மாறும், டிக்டிக்டிக்னு அறுபடறது கைல தெரியும். அது முடிஞ்சவொடனே சத்தம் மெத்துன்னு ஆயிரும். வாலுக்கு ஒரு வெரக்கட முன்னாடி நிறுத்தி, சதைய அப்படியே பின்னாடி மல்லாத்தி, வாலு புடிமானத்துல தோலுக்கும் சதைக்கும் நடுவுல பிளேட வுட்டுத் தள்ளணும். தோலு செதிலோட பலகைலயே கெடக்கும், சதை தனியா வந்துரும். செதில் ஒரசற வேலையே இல்ல. எனக்கு இதுல புடிச்சதே அதுதான், சமையக்கட்டுச் செவுத்துல செதில் ஒட்டறதில்ல.

அப்புறம் விலா முள்ளத் தனியாச் சின்னக் கத்தில எடுத்துரணும். நடுவுல ஒரு வரிசை சின்ன முள்ளு முன்பாதில இருக்கும், வெரல வெச்சுத் தடவுனாத் தெரியும். ரெண்டு பக்கமும் கீறி அந்தப் பட்டைய எடுத்துட்டா பிள்ளைக தைரியமாத் திங்கலாம்.

இதுல வயரும் பேட்டரியும் எங்க வித்தியாசப்படுதுன்னு கவனிச்சேன். அறுக்கறதுல கிட்டத்தட்ட ஒண்ணுதாங்க. மீனத் திருப்பிப் போடறப்பத்தான் வயரு குறுக்க வருது. மீன் நெணத்துல ஊறுன வயரு பலகை மேல பொரளுது, எடது கை தள்ளிவுட்டுட்டே இருக்க வேண்டியிருக்குது. பேட்டரில அது இல்ல. ஆனா பேட்டரிக் கத்தி பின்கனம், மணிக்கட்டு வலிக்கும்.

மே 6

ரோகு, மிர்காலுக்கும் இதே மாதிரி செய்யலாமான்னு ஈரோட்டுக்காரங்க. சதை அழகா வரும். முள்ளு போகாது. கெண்டை ஜாதிக்கு சதைக்குள்ளயே கவுட்டு முள்ளு ஓடுது, எந்தக் கத்தி போட்டாலும் அது உள்ளதான் இருக்கும். நெருக்க நெருக்கமாக் கீறி எண்ணெய்ல நல்லா முறுக்குனா பொடிமுள்ளு கரையும், அது வேற வழி. விராலு வாங்க வக்கிருந்தா விராலுக்கு இந்தக் கத்தி அருமை. ஆனா அந்த வெலைக்கு வாங்கிட்டு சாம்பல் தேச்சு, தலையோட கொழம்பு வெக்காம சதை எடுக்கற மனசு எனக்கு இல்ல.

மே 9

மச்சானுக்குச் சொல்ல வேண்டியது, அவசரம்: பிளேடுக பெரிய பெட்டில போகணும், கைப்பைல வெச்சா ஏர்போர்ட்டுல புடுங்கிருவாங்க. கழட்டுன பேட்டரி அதுக்கு நேர்மாறு, கைப்பைலதான் வரணும், பெரிய பெட்டில போடக்கூடாது. முனைல டேப் ஒட்டிருங்க. 100 வாட்-அவருக்குள்ள இருந்தாக் கேள்வி இல்ல. 18 வோல்ட்டு, 2 ஆம்பியர்-அவர் பேட்டரின்னா பெருக்கி 36, கவலையே வேண்டாம்.

கத்தி எதுவா இருந்தாலும் உபரி பிளேடு ரெண்டு செட் சேத்து வாங்கியாரச் சொல்லுங்க. ஏழு, எட்டு இன்ச்சு போதும்.

மே 10

"ராபாலாதான் வாங்கணுமா?"ங்கறாரு ஒருத்தர். அது ஃபின்லாந்துக் கம்பெனி, 1936-ல தூண்டிலுக்குப் பொய்மீன் செதுக்கி ஆரம்பிச்சது. அவங்க பேருல கைக்கத்தியும் வருது, கரண்டு கத்தியும் வருது. பேரப் பாக்கறதுக்கு முன்னாடி அந்த மாடலுக்கு பிளேடு தனியாக் கெடைக்குதா, பேட்டரி தனியாக் கெடைக்குதான்னு பாருங்க. ரெண்டுல ஒண்ணு இல்லைன்னாலும் எந்தப் பேரா இருந்தாலும் வேண்டாம்.

மே 12, ஞாயிறு

கைய வெட்டிக்காம இருக்க வழி கேட்டிருந்தாங்க. திருப்பூர் பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டருகள பாத்திருப்பீங்க. அடுக்கு துணிய மேலயுங்கீழயும் ஆடற பிளேடு வெச்ச மெஷின்ல அறுப்பாங்க. எடது கைல இரும்புக் கம்பிவளையம் பின்னுன கையுறை மாட்டியிருப்பாங்க. அதேதான். திருப்பூர்ல தையல் மெஷின் சாமான் விக்கற கடைகள்ல கெடைக்கும். மீனப் புடிக்கற கைல போட்டுக்கங்க, வழுக்கவும் வழுக்காது. ஆனா ஓடற பிளேடு நேரா வந்து மோதுனா கம்பி வளையத்துல பல்லு சிக்கும், அதனால கையுறை இருக்குதுன்னு தைரியமா வெரல முன்னாடி நீட்டாதீங்க. சறுக்கி வந்து படறதுக்குத்தான் அது காவல்.

பிளேடு மாத்தறப்ப வயர் கத்தின்னா ப்ளக்கப் புடுங்கிருங்க, பேட்டரிக் கத்தின்னா பேட்டரியக் கழட்டிருங்க. "சுச்சு ஆப்புலதானுங்க இருந்துது"ன்னு சொன்னவங்களோட வெரலப் பாத்திருக்கேன்.

மே 19, ஞாயிறு

மொத நாளு பேட்டரிப் பக்கம் சாஞ்சு எழுதுனேன். இன்னிக்கு வயருக்கும் கொஞ்சம் நியாயம் பேசணும்.

வயர் கத்தி கெட்டா நான் பிரிச்சுப் பாத்துச் சரி பண்ணிருவேன். கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கும், இல்ல பிளேடப் புடிக்கற பிளாஸ்டிக் துண்டு ஒடஞ்சிருக்கும், இல்ல ஆர்மேச்சர், அதான் மோட்டருக்குள்ள சுத்தற காயில் பாகம், போயிருக்கும். கோயமுத்தூர்ல ஆர்மேச்சர் சுத்தத் தெரியாத தெருவே இல்ல. பத்து வருசங்கழிச்சு எடுத்தாலும் ஓடும்.

பேட்டரிக் கத்தி அப்படி இல்ல. லித்தியம் செல் சும்மா இருந்தாலே வயசாகும், வெயில்ல இன்னும் சீக்கிரம். பொள்ளாச்சி ரோட்டுல மத்தியானம் காரு டிக்கில வெச்சுட்டுப் போனீங்கன்னா பேட்டரி ஆயுசுல ஒரு பங்கு அன்னிக்கே போச்சு. மூணு நாலு வருசத்துல அது சோந்துபோறப்ப அந்த மாடல் பேட்டரி இந்த ஊருல கெடைக்காது. கூரியர்ல வரவழைக்கலாம்னா லித்தியத்துக்கு ஆயிரம் கட்டுப்பாடு.

ஒரு வழி இருக்குது. பேட்டரி ஸ்கூட்டருக்குப் பேக் கட்டித் தர்ற கடைக இப்ப எல்லாப் பக்கமும் வந்தாச்சு. உள்ள 18650-ங்கற உருண்ட லித்தியம் செல்லுதான் இருக்குதுன்னா, பழசக் கழட்டிட்டுப் புதுசு வெச்சு நிக்கல் பட்டைய ஸ்பாட் வெல்டிங் அடிச்சுத் தருவாங்க. சால்டரிங் அயர்ன் வெச்சு செல்லு மேல நேரா ஒட்டறேன்னு சொல்றவர்கிட்டக் குடுக்காதீங்க, சூட்டுல செல்லு கெட்டுரும். மச்சினன் கத்தியோட பேட்டரிய அப்படித்தான் மாத்தி வெச்சிருக்கேன். அதனால "பேட்டரி போனா கத்தி போச்சு"ங்கறது முழுசா உண்மையில்ல. ஆனா ஒட்டி மூடுன பேக்கா இருந்தா கஷ்டந்தான். கழட்டி மாட்டற பேட்டரிதான் வாங்கணும், உள்ளயே வெச்சு மூடுனது வேண்டவே வேண்டாம்.

மே 20

"அதுக்கெதுக்குங்ணா ஸ்பாட் வெல்டிங், டிரில்லிங் மெஷினோட 21 வோல்ட்டுப் பேட்டரில ரெண்டு வயரு இழுத்துக் குடுத்தாப் போதாதா?"

போதாது சாமி. 14, 15 வோல்ட்டுக்குச் செஞ்ச மோட்டருக்கு 21 குடுத்தா வேகமாத்தான் ஓடும், ஓடறப்ப சந்தோசமாவும் இருக்கும். முள்ளுல மாட்டி நிக்கறப்ப கரண்ட நிறுத்தற சர்க்யூட்டு அந்தக் கத்தியோட பேட்டரிக்குள்ளதான் இருந்திருக்கும், அதத்தான தூக்கி வெளிய வெச்சுட்டீங்க.

ஜூன் 2, ஞாயிறு

தோட்டத்து வூட்டுக்கு எது சரி வரும்னு கோபிக்காரர் கேட்டாரு. சாயங்காலம் மோட்டர் போட்டவொடனே லைட்டு மங்கற எடத்துல வயர் கத்தி இழுக்காது. பிரஷ் மோட்டருக்கு வோல்ட்டு கொறஞ்சா வேகங்கொறையும், வேகங்கொறஞ்சா நாம அமுக்குவோம், அமுக்குனா சூடாகும். அங்க பேட்டரிதான். மாசாந்திரப் பராமரிப்புன்னு காலைல ஒம்போது மணிக்குக் கரண்டு நிறுத்துனாலும் அதுக்குக் கவலையில்ல.

வாசப்படில, தண்ணித் தொட்டி ஓரத்துல, ஈரக்கையோட வயர் கத்தி புடிக்கறவங்களுக்கு ஒரு சேதி. மெயின் போர்டுல 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதான் கரண்டு கசிஞ்சா தானா நிறுத்தற சுச்சு, இருக்குதான்னு பாத்துட்டுத் தொடுங்க. எம்.சி.பி. இருக்குதுங்க, அது போதாதான்னு கேப்பாங்க. எம்.சி.பி. கரண்டு அளவுக்கு மேல போனாத்தான் விழும்; வயரக் காப்பாத்தும், ஆளக் காப்பாத்தாது.

டிரான்ஸ்பார்மர் வெச்சு அந்த 120 வோல்ட்டுக் கத்தி ஓட்டறவங்களுக்கு இன்னும் ஒரு படி. ஆட்டோ டிரான்ஸ்பார்மர்னு மலிவா விக்கறது ஒரே காயில்ல நடுவுலருந்து வயரு இழுத்தது, நம்ம லைனுக்கும் கத்திக்கும் நடுவுல பிரிவே கெடையாது. 120 தானன்னு நம்பித் தொட்டா 230-உம் வர வாய்ப்பிருக்குது. தனித்தனிக் காயில் சுத்துன ஐசோலேசன் டிரான்ஸ்பார்மர்னா ஈர எடத்துக்கு நல்லது. அதுல வெளிய வர்ற ரெண்டு முனைல எதையும் எர்த்துல கட்டாதீங்க. கட்டுனா அது குடுக்கற பாதுகாப்பே போயிரும், மெயின்ல இருக்கற ஆர்.சி.சி.பி.க்கும் அந்தப் பக்கத்துக் கசிவு தெரியாது.

இவ்வளவு எழுதறப்பவே தோணுது, மீனு அறுக்க இத்தன ஏற்பாடா? 120 வோல்ட்டு வயர் கத்திய நம்மூட்டுக்கு இனி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். 230 வோல்ட்டுலயே வளையற பிளேடோட கெடைச்சா வயர் நல்ல சாமான். இல்லைன்னா பேட்டரி.

ஜூன் 3

உடுமலைத்தம்பியோட மச்சான் வந்துட்டாராம். பேட்டரிக் கத்தி, கழட்டற பேட்டரி ரெண்டு, பிளேடு ஒரு செட். நான் ரெண்டு சொன்னேன். செரி.

ஜூன் 4

தம்பி மொத நாளே ஒரு சந்தேகம் போட்டிருக்காரு: அறுத்துட்டே இருக்கறப்ப டக்குனு நின்னுபோகுது, பொத்தான வுட்டு அமுக்குனா ஓடுது, கத்தி கெட்டுப்போச்சுங்களா? கெடலை. மாட்டிக்கிட்டு மோட்டர் தெணர்றப்ப தானா நிறுத்திக்குது. அதிகமா அமுக்கறீங்கன்னு அர்த்தம். பிளேடு போற வேகத்துக்கு வுட்டுக் குடுங்க. இதே எடத்துல வயர் கத்தி நிக்காது, மல்லுக்கட்டிட்டே சூடாயிட்டிருக்கும். அங்கத்துக்காரங்க "வயர் கத்திக்குத்தான் பலம்"னு சொல்றதுல பாதி இதுதான்.

மிச்சப் பாதி நெசமான பலம். அவங்க ஏரில ஒரு நாளைக்கு அம்பது, அறுபது மீனு புடிச்சுட்டு வந்து வரிசையா அறுக்கறாங்க. அந்த வேலைக்கு சார்ஜ் பாத்துட்டு நிக்க முடியாது, அதனால வயரு. நம்ம அஞ்சாறு கிலோவுக்கு ஒரு பேட்டரியே மிச்சமாகும்.

ஜூன் 23, ஞாயிறு

தடைக்காலம் முடிஞ்சு படகு போயாச்சு, உக்கடத்துல சங்கரா, பாறை எல்லாம் வர ஆரம்பிச்சிருச்சு. மேற்குக் கடக்கரைல ஜூலை கடைசி வரைக்கும் விசைப்படகுக்குத் தடை இருக்குது, அதனால கேரளா மீனு இப்போதைக்குக் கொறச்சலாத்தான் வரும். பாறைல ரெண்டு கிலோவுக்கு மேல ஒண்ணு எடுத்து வயர் கத்தில சதை எடுத்தேன். வெறைப்புப் பிளேடு இந்தப் பெரிய மீனுக்கு நல்லாவே நிக்குது. வளையற பிளேடு நடுவுல நெளிஞ்சு முள்ளுலயே சதைய வுட்டுட்டு வந்துது. மொதல்ல அந்தக் கத்திய ரொட்டிக் கத்தின்னு எளக்காரமா எழுதியிருக்கேன். பெருமீனுக்கு அது வேணும்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. பவானி கூடுதுறைல கூட்டம், அதனால பவானிசாகர் பக்கம் பெரியப்பா வூட்டுக்கு வந்துட்டேன். டேம் மீனு கூட்டுறவுக் கடைல வாங்கிப் பொடக்காலில ஒக்காந்து அறுத்துட்டே இத எழுதறேன்.

"கார் பேட்டரில கிளிப் போட்டு ஓட்டற 12 வோல்ட்டுக் கத்தி இருக்குதாமே, டேம் கரைலயே அறுத்துரலாமே?"ன்னு ஒருத்தர். அந்த ரகம் இருக்குது, கரண்டும் ஓடும், அம்பது அறுபது வாட்டுக்கு அஞ்சு ஆம்பியர் இழுக்கும், கார் பேட்டரிக்கு அது ஒண்ணுமில்ல. கேள்வி கத்தியப் பத்தி இல்ல. பவானிசாகர் தண்ணிக்கு அந்தப்பக்கம் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். சாயங்காலமானா ஆனை தண்ணிக்கு எறங்கற எடம். அமராவதின்னா முதலைப் பண்ணையே வெச்சிருக்கற ஊரு. டேம் கரைல மீன் கொடல அறுத்துப் போட்டுட்டு ஒக்காந்திருக்கறவங்கிட்ட வயரா பேட்டரியான்னு கேக்கறதுக்கு முன்னாடி வேற சிலது கேக்க வேண்டியிருக்குது. இதுபோக, டேம்ல மீன் புடிக்கறது குத்தகை, லைசென்ஸ் விவகாரம். வாங்கிட்டு வந்து வூட்டுல அறுங்க.

பெரியப்பா இந்தக் கத்திய வாங்கிப் பாத்துட்டு, ஒரு ஜிலேபி அறுத்தாரு. ரெண்டாவது மீனுக்கு அருவாமனைய எடுத்துட்டாரு. "சத்தம் ஆகலை கண்ணு"ன்னாரு. வாதாடலை.

ஆகஸ்ட் 4

கழுவறது பத்தி யாருமே கேக்கலை, நானே சொல்லிடறேன். பிளேடு ரெண்டையும் அந்தக் குமிழாணில இருந்து பிரிச்சாத்தான் நெணம் போகும். சேத்து வெச்சே கழுவுனா நடுவுல காஞ்சு பசையா நின்னுரும், மறுவாரம் பொத்தான அமுக்குனா மோட்டர் முனகும், நாத்தமும் வரும். பிரிச்சு, சோப்புப் போட்டு, வெயில்ல காய வெச்சு, ஒரு சொட்டு தேங்காயெண்ண தடவி வெய்யுங்க. கைப்புடியக் கொழாயில காட்டாதீங்க, ஈரத்துணில தொடச்சாப் போதும்.

செப்டம்பர் 17

புரட்டாசி பொறந்தாச்சு. எங்கூட்டுல ஒரு மாசத்துக்கு மீனு கெடையாது. பேட்டரிக் கத்தி வெச்சிருக்கறவங்க சார்ஜ முழுசா ஏத்தி வெக்காதீங்க, முழுசா எறக்கியும் வெக்காதீங்க. பாதில நிறுத்தி, கத்தில இருந்து கழட்டி, சமையக்கட்டு மேடைக்குத் தூரமா நெழல்ல வெச்சிருங்க. வயர் கத்திக்காரங்களுக்கு இந்த மாசம் ஒரு வேலையும் இல்ல, அந்த வகைல அவங்க குடுத்து வெச்சவங்க.

திங்கறவங்களுக்கு இந்த மாசம் மீனு வெல எறங்கும். பொறாமையோட சொல்றேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

தம்பி கேட்டிருக்காரு, பிளேடு மழுங்கிருச்சு, சாணை புடிக்கலாமான்னு. ரெண்டு பிளேடும் உள்பக்கம் சப்பட்டையா ஒட்டி ஓடணும். பல்லு வெளிப்பக்கம் மட்டுந்தான் சாய்வா இருக்கும். சாணைக்காரர் ரெண்டு பக்கமும் தேச்சுட்டாருன்னா நடுவுல சந்து வுழுந்து, சதை அதுக்குள்ள பூந்து கிழியும். மெல்லிசு அரம் வெச்சு ஒவ்வொரு பல்லா வெளிப்பக்கம் மட்டும் தீட்டலாம், பொறுமை இருக்கறவங்களுக்கு. எனக்கு இல்ல. புதுசு வரவழைச்சுருங்க. மச்சான் கிறிஸ்துமஸ் லீவுக்கு வர்றாருன்னா இப்பவே சொல்லி வெய்யுங்க, ரெண்டு செட்டு. பழசத் தூக்கிப் போடாதீங்க, வூட்டுல பழைய மெத்த அறுக்க ஆகும்.